திடல் எப்படி வந்தது? கொள்ளிடக் கரை ஊர் ஒன்றில் 1924 வெள்ளத்தைப் பழைய கணக்குகளில் தேடிய நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கல்லணைக்கும் அணைக்கரைக்கும் இடையே, கொள்ளிடத்தின் தென்கரையில் உள்ள ஓர் ஊரில் நடந்தது இது. நிலம் சம்பந்தப்பட்ட விவகாரம் என்பதால் ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி தண்ணீர் வெளியேறியபோது, ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே படுகையில் குடியிருந்த குடும்பங்கள் இரவோடு இரவாக ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தன. 2018-லும் இதேதான் நடந்திருந்தது. இனி ஒவ்வொரு முறையும் பள்ளியை மூட முடியாது, நிரந்தரமாக ஒரு தங்குமிடம் கட்டிவிடலாம், அப்படியே படுகைக் குடும்பங்களுக்கு மனையும் ஒதுக்கிவிடலாம் என்று ஊராட்சி முடிவெடுத்தது. இடத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கரையைத் தாண்டி ஊர்ப்பக்கம் ஒரு திடல் இருந்தது. சுற்றியுள்ள வயலைவிட ஓர் ஆள் உயரம் மேடு. அரசு நிலம், யாருக்கும் பட்டா கிடையாது, ஆக்கிரமிப்பும் இல்லை. பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், ஆடு மாடு மேயும்.

திடலுக்குச் சாதகமாக இன்னொரு வாதமும் இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் எல்லாருமே அதைச் சொன்னார்கள். "திடல்ல தண்ணி ஏறி நான் பார்த்ததே இல்ல தம்பி. எங்க அப்பாவும் பார்த்ததில்ல" என்றார் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர். 1961, 1977, 2005, 2018, 2022 என்று வெள்ளங்களை விரல்விட்டு எண்ணியும் காட்டினார்.

அவர் எண்ணியதில் 1924 இல்லை. காவிரிப் படுகையில் அளவு தெரிந்த வெள்ளங்களில் மிகப் பெரியது அதுதான். அந்த ஆண்டு ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கத் தென்மேற்குப் பருவமழை கொட்டியது. கேரளத்தில் பெரியாறு பெருகி, மூணாறு ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது இதே மழையில்தான். அங்கே கொல்லம் ஆண்டு 1099 என்பதால் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்கிறார்கள். மலையின் கிழக்குச் சரிவில் விழுந்த மழை கபினி, பவானி வழியாகக் காவிரிக்கு வந்தது. மேட்டூர் அருகே சுமார் 4.5 லட்சம் கன அடி போனது. அப்போது மேட்டூரில் அணை கிடையாது. அது 1925-இல் தொடங்கி 1934-இல்தான் முடிந்தது. கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜசாகர் இன்னும் கட்டுமானத்தில் இருந்தது. முக்கொம்பிலிருந்து காவிரியின் வெள்ளம் பிரிந்து கொள்ளிடத்தில்தான் இறங்கும். ஆகவே 2022-இல் பார்த்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான தண்ணீர் அன்று இந்தப் பகுதிக்கு வந்திருக்க வேண்டும்.

அந்த வெள்ளத்தில் திடல் என்ன ஆனது? ஊராட்சித் தலைவருக்கு உதவியாக இருந்த ஓய்வுபெற்ற நில அளவையர் கேட்ட கேள்வி இது. பாசனப் பணியில் அனுபவமுள்ள ஒரு பொறியாளரும், கல்லூரியில் வரலாறு சொல்லித்தரும் ஓர் ஆசிரியையும் அவரோடு சேர்ந்தார்கள். பழைய கையெழுத்துகளைப் படிக்கும் வேலை எனக்கு வந்தது.

## முதலில் கிடைத்தவையும் கிடைக்காதவையும்

பெரிய ஆவணங்களில் தேடத் தொடங்கினோம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகளும் பொதுப்பணித் துறைக் கோப்புகளும் இருக்கின்றன. பெரிய அணைகள், ரயில் பாலங்கள், நகரங்கள் பற்றி அவற்றில் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒரு சிற்றூரில் கரை எங்கே உடைந்தது என்பதைத் தெரிந்துகொள்ள அவை போதவில்லை. நாளிதழ்களும் அப்படியே: செய்தியாளர் போன இடம்தான் செய்தியில் வரும். 1924 ஜூலையில் தண்டவாளமும் சாலையும் அறுந்த ஊர்களுக்கு யாரால் போயிருக்க முடியும்?

ஊரில் வாய்மொழியாகக் கிடைத்தது வேறு விதமான சிக்கல். பெருவெள்ளம் பற்றிச் சொல்ல எல்லாரிடமும் ஏதோ இருந்தது. ஆனால் தாத்தா காலத்து வெள்ளம், அப்பா காலத்து வெள்ளம், தான் பார்த்தது எல்லாம் ஒன்றோடொன்று கலந்திருந்தன. "கரை உடைஞ்சு யானை உயரம் தண்ணி வந்துச்சு" என்றவர் அதை 1977 புயலோடு சேர்த்துச் சொன்னார். 1977-இல் இந்த ஊரில் கரை உடையவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. கேட்ட கதை ஒன்றும் பார்த்த புயல் ஒன்றும் அவருக்குள் ஒன்றாகிவிட்டிருந்தன.

## கணக்குப்பிள்ளை வீட்டு நோட்டு

பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை 1980-இல் ஒழிக்கப்பட்டபோது, அதிகாரபூர்வமான பதிவேடுகளைத் தாலுகா அலுவலகம் வாங்கிக்கொண்டது. ஆனால் கணக்குப்பிள்ளைகள் தங்கள் சொந்த வசதிக்காக எழுதி வைத்திருந்த நகல்களும் குறிப்பு நோட்டுகளும் பல வீடுகளில் பரணிலேயே தங்கிவிட்டன. இந்த ஊரிலும் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பாதி செல்லரித்துப் போயிருந்தாலும், அந்தக் குடும்பத்தார் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார்கள்.

அதில் ஒரு நோட்டின் தலைப்பு, 'பசலி 1334 வெள்ளச் சேதம், வஜா விவரம்'. பசலி என்பது வருவாய்க் கணக்கின் ஆண்டு, வஜா என்பது தள்ளுபடி. பயிர் அழிந்தவர்களுக்குத் தீர்வையை, அதாவது நிலவரியை, தள்ளுபடி செய்யப் பட்டா எண், சர்வே எண், விஸ்தீரணம், பயிர், தீர்வை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். தொகை ரூபாய், அணா, பையில் இருந்தது. முதல் பக்கத்தின் மூலையில், முன்பு இதைப் புரட்டிய யாரோ '1925' என்று பென்சிலில் குறித்திருந்தார்கள். பசலியோடு 591-ஐக் கூட்டினால் 1925 வரும். ஆனால் சென்னை மாகாணத்தில் பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடியும். ஜூலையிலிருந்து டிசம்பர் வரைக்கும் 590-ஐத்தான் கூட்ட வேண்டும். பசலி 1334 என்றால் 1924 ஜூலை முதல் 1925 ஜூன் வரை. பென்சில் குறிப்பை நம்பியிருந்தால் 1925-ஆம் ஆண்டின் கோப்புகளில் தேடி, ஒன்றும் இல்லையென்று திரும்பியிருப்போம்.

சரி, பசலி தெரிந்தது. ஆனாலும் பன்னிரண்டு மாதத்தில் எந்த மாதம்? இந்தப் பகுதிக்குச் சொந்த மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் வரும். அப்போதும் வெள்ளம் வருவதுண்டு. நோட்டில் தேதி போடவில்லை. ஆனால் பயிர்ப் பத்தியில் 'குறுவை', 'நாற்றங்கால்' என்று மாறி மாறி வந்தது. நட்ட சம்பா என்று ஒரு வரிகூட இல்லை. ஐப்பசி வெள்ளமாக இருந்தால் குறுவை அறுத்து முடிந்திருக்கும், வயலில் சம்பா நின்றிருக்கும். குறுவை இளம்பயிராகவும் சம்பா நாற்றங்காலிலும் இருக்கும் பருவம் ஆடிதான். பின்பக்கத்தில் கோயில் செலவுக் குறிப்பு ஒன்றில் 'ரக்தாட்சி வருஷம் ஆடி, வெள்ளத்தில் மடைப்பள்ளி விழுந்த வகையில்' என்று ஒரு தொகையும் எழுதியிருந்தது. ரக்தாட்சி 60 ஆண்டுக்கு ஒரு முறை வரும். அது மட்டும் கிடைத்திருந்தால் 1864-ஆ 1924-ஆ என்று சொல்ல முடியாது. பசலி, பயிர், வருஷப் பெயர் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது 1924 ஜூலை, ஆகஸ்ட் என்பதில் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்து சர்வே எண்களை நில அளவையர் ஒவ்வொன்றாகக் கிராம வரைபடத்தில் நிறம் தீட்டினார். கரைக்கு அருகிலிருந்து தெற்கே விசிறிபோல விரிந்த ஒரு பரப்பு உருவானது. அந்த விசிறிக்குள்ளேயே ஒரு சிறு தொகுதி எண்களுக்கு எதிரே மட்டும், 'பயிர் முழுகிச் சேதம்' என்பதற்குப் பதிலாக 'மணல் மேவியது' என்றிருந்தது. இன்றைய திடல் அந்தத் தொகுதியில்தான் இருக்கிறது.

ஆக, 1924-க்கு முன்னால் திடல் நஞ்சையாக இருந்திருக்கிறது. மேட்டு நிலமாக இருந்தால் குறுவை நட்டிருக்க மாட்டார்கள், அதற்கு நஞ்சைத் தீர்வையும் இருந்திருக்காது.

## கணக்கில் வராத தெரு

நிறம் தீட்டிய வரைபடத்தைப் பார்த்ததும், நிறம் இல்லாத இடமெல்லாம் தண்ணீர் வராத இடம் என்று முடிவுகட்டத் தோன்றும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய ஆவணத்திலிருந்து வெள்ளத்தை வரைபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

வஜா கணக்கு, தீர்வை கட்டுபவருக்காக எழுதப்பட்டது. தீர்வை இல்லாத நிலத்தில் வெள்ளம் போனால் அதை எழுத யாருக்கும் அவசியமில்லை. நத்தத்துக்கு, அதாவது வீடுகள் உள்ள இடத்துக்கு, தீர்வை கிடையாது. சுடுகாடு, மந்தைவெளி, வாய்க்கால் எதற்கும் கிடையாது. வரைபடத்தில் ஊரின் வடகிழக்கு மூலை முழுக்க வெள்ளையாக இருந்தது. தாழ்த்தப்பட்ட மக்களின் தெரு அங்கேதான் இருந்தது. வயல் மட்டத்திலேயே அமைந்த குடியிருப்பு. அங்கே இருந்தவர்கள் மிராசுதார்களின் பண்ணையில் வேலை செய்தவர்கள். யாருக்கும் பட்டா இல்லை. விதை, மாடு வாங்க அரசு கொடுத்த தக்காவிக் கடன் பட்டியலும் அந்த நோட்டில் இருந்தது. அதிலும் அந்தத் தெருக்காரர் ஒருவர் பெயரும் கிடையாது. கடனுக்கு ஈடாகக் காட்ட நிலம் வேண்டுமே.

வரலாற்று ஆசிரியை அந்தத் தெருவிலேயே பல நாள் உட்கார்ந்து பேசினார். ஒரு மூதாட்டி தன் மாமியாரிடம் கேட்டதைச் சொன்னார்: "வெயில் அடிச்சிட்டு இருக்கும்போதே தண்ணி வந்துச்சாம். மழையே இல்லயாம். புள்ளைங்களத் தூக்கிட்டுக் குளத்தங்கரையில போயி நின்னாங்களாம். திரும்பி வந்தா குடிசையும் இல்ல, குடிசை இருந்த இடமும் தெரியலயாம், எல்லாம் மணலு."

'மழையே இல்ல' என்ற அந்த ஒரு விவரம் போதும். புயல் வெள்ளமாக இருந்தால் மழை இல்லாமல் வராது. மேற்கே மலையில் பெய்து, இங்கே வெயிலில் வரும் வெள்ளம் ஆடி வெள்ளம்தான். அந்தத் தெரு பின்னாளில் தெற்கே தள்ளி அமைந்ததற்கும் இதுவே காரணம் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். நிறமில்லாத வடகிழக்கு மூலையையும் வெள்ளப் பரப்புக்குள் சேர்த்தோம். எழுத்தில் உள்ளதை ஒரு நிறத்திலும் வாய்மொழியை இன்னொரு நிறத்திலும் காட்டினோம்.

## பத்திரங்களும் கரையின் வளைவும்

மணல் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் மீதமிருந்தது. ஆற்று மணல் ஊருக்குள் அவ்வளவு கனமாக வந்து விழ வேண்டுமானால் பக்கத்தில் கரை உடைந்திருக்க வேண்டும். நோட்டில் உடைப்பு என்ற சொல்லே இல்லை. கரை பொதுப்பணித் துறையின் பொறுப்பு. கணக்குப்பிள்ளைக்கு அதை எழுதும் வேலை இல்லை.

இந்த இடத்தில் கைகொடுத்தவை நிலப் பத்திரங்கள். திடலுக்கு வடக்கே உள்ள ஒரு வயல், தலைமுறை தலைமுறையாக விற்று வாங்கப்பட்டிருந்தது. வில்லங்கம் போட்டுப் பழைய பத்திரங்களின் நகலை எடுத்து, செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். 1924-க்கு முந்தைய பத்திரத்தில், 'கொள்ளிடக் கரைக்குத் தெற்கு, ஊர் வாய்க்காலுக்கு வடக்கு' என்று இருந்தது. 1930-களின் பத்திரத்தில் அதே சர்வே எண்ணுக்கு, 'உடைப்புக் குட்டைக்குத் தெற்கு, ஊர் வாய்க்காலுக்கு வடக்கு'. கிழக்கு மேற்கு எல்லைகள் மாறவில்லை. விஸ்தீரணம் மட்டும் குறைந்திருந்தது. இரண்டு பத்திரத்துக்கும் நடுவே கரை உடைந்து, உடைந்த இடத்தில் பள்ளம் பறிந்து, அது குட்டையாகி, வயலின் வடக்குத் துண்டை விழுங்கியிருக்கிறது.

குட்டை இன்றும் இருக்கிறது. காட்டாமணக்கு மண்டிக் கிடக்கும், கோடையிலும் வற்றாது. திடலுக்குப் போகும் பாதையை அகலப்படுத்த அதைத் தூர்த்துவிடலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

நில அளவையர் வேறொன்றையும் கவனித்தார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்த அளவையின்படி வரைந்த கிராம வரைபடத்தில், கரை அந்த இடத்தில் நேராகப் போகிறது. இன்றைய வரைபடத்தில் அதே இடத்தில் ஆற்றுப்பக்கம் அரைவட்டமாக வளைகிறது. ஆழமான உடைப்புப் பள்ளத்தில் மண்ணைக் கொட்டி நிரப்புவது சிரமம். பள்ளத்தைச் சுற்றிக் கரையை வளைத்துக் கட்டுவதுதான் வழக்கம். பழைய வரைபடத்தையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்த, இடம் மாறாத புள்ளிகள் வேண்டும். கோயில் கோபுரம், மூன்று ஊர் எல்லைகள் சேரும் கல், வாய்க்கால் தலைமதகு இவற்றை வைத்துப் பொருத்தினார். ஆற்று ஓரத்தைப் பொருத்தப் பயன்படுத்தவில்லை. ஆறு நகரும், எதைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதையே அளவுகோலாக வைக்க முடியாது. வயல் வாரியான அளவுகள் உள்ள புலப்படப் புத்தகத்தில் நீளங்கள் 66 அடிச் சங்கிலியின் கண்ணிக் கணக்கில் இருந்தன. மீட்டருக்கு மாற்றியபோது வரப்புகள் பெரும்பாலும் சரியாக உட்கார்ந்தன.

கரையின் வளைவு, குட்டை, திடல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன.

கடைசிக் கண்ணி பட்டாப் பதிவில் கிடைத்தது. மணல் மேவிய எண்களின் பட்டாதாரர்கள், சில பசலிகளுக்குப் பிறகு நிலத்தை அரசுக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பயிரிட முடியாத நிலத்துக்குத் தீர்வை கட்ட யாருக்கு மனம் வரும்? அதன் பிறகு அது 'தீர்வை ஏற்பட்ட தரிசு', அதாவது ஒரு காலத்தில் தீர்வை விதிக்கப்பட்டிருந்த நிலம், என்று பதிவாகிறது. ஊர்வழக்கில் எல்லாமே புறம்போக்குதான் என்பதால் இந்த வித்தியாசம் யாருக்கும் உறைக்கவில்லை. திடல் இன்று அரசு நிலமாக, செலவில்லாமல் கிடைப்பதற்குக் காரணமே 1924 வெள்ளம்தான்.

## தோண்டிப் பார்த்தது

தாளில் இருப்பதை மட்டும் வைத்து ஊராட்சியிடம் போகக் கூடாது என்பதில் பொறியாளர் உறுதியாக இருந்தார். திடலின் நடுவிலும் தெற்கு விளிம்பிலும் குழி எடுத்தோம். மேலே புல் வேரும் சாண மண்ணும். அதற்குக் கீழே வெளுத்த ஆற்று மணல், காக்காப்பொன் மின்னிக்கொண்டு, சாய்ந்த அடுக்குகளாக. நடுக்குழியில் மணல் ஓர் ஆள் ஆழத்துக்கு இருந்தது, அடியில் சிறு கூழாங்கல்லும் செங்கல் துண்டும் கிடந்தன. தெற்கு விளிம்பில் மணல் மெலிந்து, பொடியாகியிருந்தது. உடைப்பிலிருந்து பாய்ந்த தண்ணீர் வேகம் குறையக் குறைய முதலில் பருமணலையும் பிறகு பொடியையும் போட்டுவிட்டுப் போகும். அந்த வரிசைதான் இது.

மணலுக்குக் கீழே சட்டென்று கறுப்புக் களி. பொறியாளர் ஒரு கட்டியைப் பிளந்து காட்டினார். உள்ளே மயிரிழை மயிரிழையாகச் செம்பழுப்புக் கறை ஓடியிருந்தது. தண்ணீர் கட்டிய வயலில் நெல் வேரைச் சுற்றி இரும்புக் கறை படிவதால் வரும் அடையாளம் அது. குழிக்குள் இறங்கிப் பார்த்த தலைவர், "இது வயல் மண்ணாச்சே சார்" என்றார். அதற்கு மேல் அவரிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மணல் கடைசியாக வெளிச்சம் பார்த்த காலத்தை ஆய்வகத்தில் கணக்கிட வழி இருக்கிறது. இங்கே அதைச் செய்யவில்லை. மணல் எப்போது வந்தது என்று நோட்டு சொல்கிறது, எங்கிருந்து வந்தது என்று பத்திரம் சொல்கிறது, வந்தது மணல்தான் என்று குழி சொல்கிறது. அந்தச் செலவுக்கு அவசியம் ஏற்படவில்லை.

பெரியவர்கள் சொன்னதும் உண்மைதான். 1924-க்குப் பிறகு திடலில் தண்ணீர் ஏறவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு அந்த இடத்தில் கரை உடையவில்லை.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, 1924 வெள்ளம் ஊரில் இத்தனை அடி உயரம் வந்தது என்று எண் எதையும் எழுதுவதில்லை என்பது. கோயில் மண்டபத் தூணில் ஒரு கோடு இருக்கிறது. அதை வெள்ளக் கோடு என்று காட்டுகிறார்கள். அதைச் செதுக்கியவர் யார், எப்போது என்று எந்தக் கணக்கிலும் இல்லை. அது சரியான கோடு என்றே வைத்துக்கொண்டாலும், அன்றைய ஆறு வேறு, இன்றைய ஆறு வேறு. மேலே அணைகள் வந்துவிட்டன, கரையை உயர்த்தியிருக்கிறார்கள், மணல் அள்ளியதில் ஆற்றின் அடிமட்டம் பல இடங்களில் இறங்கிவிட்டது. அதே நான்கரை லட்சம் கன அடி இன்று வந்தால் அதே உயரத்தில் நிற்காது. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டிய பிறகு காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் தண்ணீர் பிரியும் விதமே மாறியது. அதற்கு முந்தைய வெள்ளக் குறிப்பு ஏதாவது கிடைத்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். உயரத்தைவிட, தண்ணீர் எந்த வழியாகப் புகுந்தது என்பதுதான் இங்கே நம்பகமாகத் தெரிந்த விஷயம்.

இரண்டாவது, வெவ்வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்ட இரண்டு ஆவணங்களும், தரையில் ஓர் அடையாளமும் ஒத்துப்போனால் மட்டும் 'உறுதி' என்று குறிப்பது. வரி தள்ளுபடிக்காக எழுதிய கணக்கும், நிலம் விற்க எழுதிய பத்திரமும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவை அல்ல. அதனால்தான் அவை ஒத்துப்போவதற்கு மதிப்பு. மற்றவற்றை 'சாத்தியம்' என்று தனியாகக் காட்டினோம். ஆவணம் மௌனமாக உள்ள இடங்களை வெறுமனே விடாமல் 'தெரியவில்லை' என்று கோடிட்டு நிரப்பினோம். வெள்ளையாக விட்டால் நாளைக்கு யாராவது அதைப் பாதுகாப்பான இடம் என்று படித்துவிடுவார்கள்.

மூன்றாவது, பரிந்துரை. திடலில் குடியிருப்போ தங்குமிடமோ வேண்டாம். குட்டையைத் தூர்க்க வேண்டாம். கரை வளையும் இடத்தை வெள்ளக் காலத்தில் தனியாகக் கண்காணிக்க வேண்டும். ஒரு தரம் உடைந்து அடைத்த கரையின் அடியில் மணலும் இளகின மண்ணும் கிடக்கும். தண்ணீர் உயரும்போது அங்கேதான் முதலில் ஊற்றெடுக்கும். தெளிந்த தண்ணீராகக் கசிந்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம். கலங்கலாக வந்தால் கரையின் மண் உள்ளிருந்தே கரைந்து வருகிறது என்று அர்த்தம்.

தங்குமிடத்துக்கு நாங்கள் சொன்ன மாற்று இடம் பழைய நத்தத்தின் தெற்கே, சாலையோரம். நத்தம் கணக்கில் வராது என்பதால் அங்கே வெள்ளம் வரவில்லை என்று நோட்டை வைத்துச் சொல்ல முடியாது. வீடு விழுந்தவர்களுக்குக் கீற்றும் மூங்கிலும் கொடுத்த பட்டியல் ஒன்று இருந்தது. அதில் வடக்குத் தெருக்களின் வீடுகள் வந்தன, தெற்குத் தெரு வரவில்லை. தெற்குத் தெருவில் எடுத்த குழியிலும் ஆற்று மணல் இல்லை. இவை இரண்டையும் சேர்த்து, அங்கே வெள்ளம் வராமல் இருந்திருப்பதை 'சாத்தியம்' என்றுதான் எழுதினோம்.

## அதன் பிறகு

எதிர்ப்பு வந்தது, நியாயமான எதிர்ப்பு. படுகைக் குடும்பங்கள் மனைக்காக வருஷக்கணக்காகக் காத்திருந்தவை. கையில் இருக்கும் இடத்தை நூறு வருஷப் பழைய தாளைக் காட்டித் தட்டிவிடுகிறீர்களே என்று கேட்டார்கள். மாற்று இடத்தில் ஒரு பகுதி பட்டா நிலம். வாங்கப் பணம் வேண்டும், காலமும் ஆகும். கிராம சபையில் அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவர், "உடைப்பு வந்தா முதல்ல எங்க தலையிலதானே விழும், அதைக் கட்டினப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று பேசிய பிறகுதான் பேச்சு திரும்பியது. தங்குமிடம் சாலையோரத்துக்கு மாறியது. மனை ஒதுக்கீடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி நடந்தது, இன்னொரு பகுதி நிலம் வாங்குவதில் நிற்கிறது. அந்தக் குடும்பங்களுக்கு இது இழப்புதான். அறிக்கையில் அதையும் எழுதியிருக்கிறோம்.

குட்டை அப்படியே இருக்கிறது. கரை வளைவில் பொறியாளர் சொன்ன இடத்தில் பணியாளர்கள் மணல் மூட்டைகளை முன்கூட்டியே அடுக்கி வைக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் வெள்ளம் போனபோது வளைவின் அடியில் கசிவு தெரிந்தது. தெளிந்த தண்ணீர்தான். கரை நின்றது. கரை நின்ற வெள்ளம் ஒன்றை வைத்து எங்கள் பரிந்துரை சரியா தவறா என்று சொல்ல முடியாது. 2018-லும் 2022-லும்கூடக் கரை நின்றதே.

## அடுத்த ஊரில் செய்வதானால்

பத்திரங்களில் தொடங்குவோம். காப்பகக் கோப்புகள் மாவட்டத்தைச் சொல்கின்றன, செக்குபந்தி ஒரு வயலின் நான்கு பக்கத்தையும் சொல்கிறது. கரையோர சர்வே எண்களுக்கு மட்டும் பழைய பத்திர நகல்களை எடுத்து, எந்த ஆண்டுக்கும் எந்த ஆண்டுக்கும் நடுவே எல்லைச் சொல் மாறுகிறது என்று பார்த்தால், எந்தப் பசலி நோட்டைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பட்டா இல்லாதவர்களின் தெருவில் பேசுவதையும் கடைசிக்கு வைக்காமல் முதலிலேயே செய்ய வேண்டும். வரலாற்று ஆசிரியை அங்கே போனபோது, 1924-ஐ நேரடியாகப் பார்த்தவர்களிடமிருந்து கேட்ட தலைமுறையில் மிகச் சிலரே மிச்சம் இருந்தார்கள். தாள் இன்னும் சில வருஷம் பரணில் கிடக்கும். அவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள்.

நோட்டுகளைப் படம் எடுக்கும்போது பின்பக்கம், ஓரக் குறிப்பு, ஒட்டிய துண்டுச் சீட்டு எதையும் விடக் கூடாது. மடைப்பள்ளி விழுந்த வரி பின்பக்கத்தில்தான் இருந்தது. எடுத்த படங்களில் ஒரு பிரதி ஊராட்சியிலும் ஒரு பிரதி நோட்டைக் கொடுத்த வீட்டிலும் இருக்கும்படி செய்தோம். அது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

எங்கள் வரைபடத்தில் ஒரு கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. மேற்கே அடுத்த ஊரிலும் கரை அரைவட்டமாக வளைகிறது, அங்கேயும் ஒரு குட்டை உண்டு. அதுவும் 1924 உடைப்பாக இருந்தால், எது முதலில் உடைந்தது என்பது முக்கியம். மேலே கரை உடைந்தால் கீழே ஆற்றின் மட்டம் சற்றுத் தணியும். அப்படித் தணிந்த பிறகும் இங்கே உடைந்தது என்றால், இந்த இடத்தின் பலவீனம் நாங்கள் எழுதியதைவிட அதிகம். அந்த ஊர்க் கணக்குப்பிள்ளை வீட்டாரும் தங்கள் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். பசலி 1333 முதல் 1336 வரை நோட்டுகள் இருக்கின்றன. ஆசிரியையின் மாணவர்கள் அவற்றைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.